ஆட்சி மாறினால் டயாலிசிஸ் நின்றுவிடுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். எனக்கு 46 வயது. என் கணவர் துறைமுகத்தில் மீன் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, ஏழு மாதமாக வாரம் இரண்டு முறை ஒரு தனியார் மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் செய்துவருகிறோம். தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இனி இந்த அட்டை செல்லாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பாகூரில் இருக்கும் என் நாத்தனாரும் எல்லாம் மாறப்போகிறது என்கிறார். தெருவில் ஒரு கட்சிக்காரர், "நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு தெரியும், அட்டை எப்படி ஓடுதுன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். 2011-இல் என் மாமியாருடைய இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு திட்டம் நின்றுபோய், நாங்கள் அலைந்த அலைச்சலை இன்னும் மறக்க முடியவில்லை. இரவில் எழுந்து பீரோவைத் திறந்து அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன். கையில் பணம் வேண்டுமே என்று இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து 60,000 ரூபாய் வாங்கி வைத்திருக்கிறேன். கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. "திட்டமே இருக்குமோ இருக்காதோ, எதுக்குக் கையை வேற வெட்டிக்கணும்" என்று கணவர் தள்ளிப்போடுகிறார். அட்டை நின்றுவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்?

பதில் (மருத்துவச் சமூகப் பணியாளர்):

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன்பாக, கேட்காமல் விட்ட ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சையை இனியும் தள்ளிப்போடாதீர்கள். கையில் ஃபிஸ்டுலா இல்லாமல் டயாலிசிஸ் செய்பவருக்குக் கழுத்திலோ மார்பிலோ ஒரு குழாயைப் பொருத்தி, அதன் வழியாகத்தான் இரத்தத்தை எடுத்துச் சுத்திகரித்துத் திருப்பிச் செலுத்துகிறார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அந்தக் குழாய் நேராகப் பெரிய இரத்த நாளத்துக்குள் இறங்குவதால், அதில் கிருமி புகுந்தால் இரத்தம் முழுவதும் பரவிவிடும். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே குளிரெடுத்து நடுங்கிக் காய்ச்சல் வரும் நோயாளிகளை டயாலிசிஸ் வார்டில் இருக்கும் யாரும் பார்த்திருப்பார்கள். நீங்களும் பக்கத்துப் படுக்கையில் பார்த்திருக்கக்கூடும்.

உங்கள் கணவர் "கையை வெட்டிக்கொள்வது" என்று சொல்வது, பெரும்பாலும் மணிக்கட்டுக்கு அருகில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைக்கும் சிறிய அறுவை சிகிச்சை. பொதுவாகக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் இதைச் செய்வார்கள். இணைத்த சிரை பருத்து, ஊசியைத் தாங்கும் அளவுக்கு வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். டாக்டர் சொன்ன அன்றே செய்திருந்தால், இந்நேரம் கழுத்துக் குழாயை எடுத்துவிடும் நாள் நெருங்கியிருக்கும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், நீங்கள் எந்த மருத்துவமனைக்கு மாறினாலும் இந்த ஃபிஸ்டுலா அவருக்குத் தேவை. திட்டம் நின்றுவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினால், அட்டை ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அதைச் செய்துகொள்வதற்கு அதுவே பெரிய காரணம் என்று அவரிடம் சொல்லுங்கள். பயத்தின் கணக்குப்படி பார்த்தாலும் தள்ளிப்போடுவது பொருந்தவில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதை வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் 2011-ஐ நானும் பார்த்தவள். 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2011 மே மாதம் ஆட்சி மாறிய பிறகு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11-ஆம் நாள்தான் தொடங்கியது. இடையில் பல மாதங்கள் நம் மக்கள் கையில் பழைய அட்டையை வைத்துக்கொண்டு, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். கடலூர்க்காரர்களுக்கு அந்தக் காலம் இரட்டிப்பாக நினைவிருக்கும், ஏனென்றால் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலையில்தான் 'தானே' புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. கூரை போய், மின்சாரம் போய், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த நாட்களில், பீரோவில் இருந்த அட்டையும் செல்லாததாகக் கிடந்தது. அப்படி ஒரு முறை அனுபவித்த குடும்பத்துக்கு ஒவ்வொரு தேர்தல் முடிவும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த மாதங்களில் நான் பார்த்த இன்னொன்றையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அப்போது நான் வேலை பார்த்த மருத்துவமனையில், நாள் குறிக்கப்பட்டு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு எழுதி அனுப்பினோம். தாமதம் ஆனது, அலைச்சல் இருந்தது, மரியாதைக் குறைவான பேச்சுகளையும் அவர்கள் கேட்க நேர்ந்தது. ஆனாலும் சிகிச்சை நடந்தது. எனக்கு இன்றும் உறுத்துவது வேறொருவர். ஐம்பது வயது கடந்த ஒரு கொத்தனார், வாரந்தோறும் வந்துகொண்டிருந்தவர், திட்டம் நின்றது என்று டீக்கடையில் கேள்விப்பட்டதும் வருவதை நிறுத்திவிட்டார். எங்களில் யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவருக்கான இடம் அரசு மருத்துவமனையில் இருந்தது, பெயரைக்கூட எழுதி வைத்திருந்தோம். நாங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பியபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அவருடைய மனைவி பழைய அட்டையை ஒரு பாலிதீன் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தார். உங்கள் கணவர் ஃபிஸ்டுலாவைத் தள்ளிப்போடுகிறார் என்று படித்ததும் அந்த உறைதான் என் கண்முன் வந்தது. அதனால்தான் பதிலின் முதல் வரியிலேயே அதைப் பிடித்துக்கொண்டேன்.

2011-இல் நடந்தது மறுபடியும் நடக்குமா என்பதுதான் உங்கள் கேள்வியின் அடிநாதம். நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். 2012-இல் தொடங்கிய திட்டம் 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்த பிறகும், அடுத்தடுத்து முதலமைச்சர்கள் மாறிய பிறகும் நிற்கவில்லை. 2018 செப்டம்பரில் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தபோது, இது அதனுடன் இணைக்கப்பட்டது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருப்பது அந்த இணைப்பின் வழியாகத்தான். 2021-இல் ஆட்சி மாறியது. 2011-ஐப் போலவே மாற்றுக் கட்சியின் ஆட்சிதான் வந்தது. அப்போதும் மருத்துவமனைக் கூடங்களில் நீங்கள் இன்று கேட்கும் இதே கேள்வியைக் கேட்டார்கள். திட்டம் அதே பெயரில் தொடர்ந்தது, ஏற்கெனவே கையில் இருந்த அட்டைகளோடு மக்கள் சிகிச்சை பெற்றார்கள். அதோடு, தகுதிக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்குக் காப்பீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஆக, ஒரு முறை ஆட்சி மாறியபோது திட்டம் முறிந்தது. அடுத்த முறை மாறியபோது தொடர்ந்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. 2011-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. இன்று காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கு அரசு மருத்துவமனைகளுக்கே போகிறது. நடுவண் அரசின் பணமும் அதில் கலந்திருக்கிறது. ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அந்த அட்டையை வைத்திருக்கின்றன. இத்தனையையும் ஒரே கையெழுத்தில் அழிப்பது எந்த அரசுக்கும் எளிதல்ல. தமிழ்நாட்டில் மருத்துவம் சார்ந்த திட்டங்களுக்குப் பொதுவாகவே ஆயுள் கெட்டி. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்தது. அதற்குப் பிறகு 1996, 2001, 2006, 2011, 2021 என்று ஐந்து முறை ஆட்சி கைமாறியும், கடலூர் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை இலவசமாகத்தான் கிடைக்கிறது. 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் மாறலாம், அட்டையில் உள்ள படம் மாறலாம், காப்பீட்டு நிறுவனம் மாறலாம். அவற்றால் வரும் தொல்லைகள் உண்மையானவை, அவற்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் நாளைக் காலையில் உங்கள் அட்டை வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும் என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

நீங்கள் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டுமென்றால், அது வாக்கு எண்ணிக்கை நாள் அல்ல. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியும் 2027 ஜனவரி. ஒப்பந்தம் முடிந்து புதிதாகப் போடும் வேளையில்தான் மருத்துவமனைகளின் பட்டியல், சிகிச்சைகளுக்கான தொகை, காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றில் மாற்றங்கள் வரக்கூடும். அதற்கு இரண்டு மாதம் முன்பே, அதாவது தீபாவளி கழிந்ததும், டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் "அடுத்த ஒப்பந்தத்திலும் நீங்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். தேர்தலே இல்லாத ஆண்டுகளில்கூடத் தனியார் மருத்துவமனைகள் திட்டத்திலிருந்து விலகுவதும் விலக்கப்படுவதும் உண்டு. ஆகவே உங்கள் குடும்பத்துக்கு இரண்டாவது இடம் ஒன்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது இடம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. காப்பீட்டு அட்டை என்பது, அரசு மருத்துவமனையில் ஏற்கெனவே உங்களுக்கு இருக்கும் உரிமையின் மேல் கட்டிய மாடி போன்றது. மாடி இடிந்தாலும் தரைத்தளம் போய்விடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்வதற்கு, அட்டை இல்லை என்ற காரணத்துக்காக ஏழை நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது; அண்ணாமலைநகரில் முன்பு ராஜா முத்தையா என்று இருந்து, இப்போது அரசுடைமையாகிவிட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ஜிப்மர் நடுவண் அரசின் நிறுவனம். சட்டமன்றத் தேர்தல்களின் முடிவு அதன் கதவைச் சாத்தாது. அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும், இரவு ஷிப்ட் கிடைக்கலாம், நர்ஸம்மா சில நேரம் கடிந்து பேசலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் நெருக்கடி வந்த பிறகு போகாமல், இப்போதே ஒரு நாள் உங்கள் கணவருடைய டயாலிசிஸ் ஃபைலின் நகலோடு தலைமை மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்குப் போய், தேவைப்பட்டால் இங்கே மாற்றிக்கொள்ள என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வாருங்கள். மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கும் எச்.ஐ.வி.க்கும் அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கட்டாயம் கேட்பார்கள். எந்த இயந்திரத்தில் போடுவது என்று முடிவு செய்வதற்கு அது தேவை. இயந்திரம் இல்லாமல் வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கான பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொடுக்கிறார்கள். அது உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்பதையும் சிறுநீரக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

உங்கள் தெருவில் பேசிய அந்த மனிதரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் நின்று அப்படிப் பேசுவது கொடுமை. நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. வாக்குச்சாவடியில் நீங்கள் அழுத்திய பொத்தான் உங்கள் பெயரோடு எங்கும் பதிவாவதில்லை. அட்டை யாருக்கு என்பதைக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தீர்மானிக்கின்றன. அந்தப் பட்டியலில் வட்டச் செயலாளருக்கோ கிளைச் செயலாளருக்கோ ஒரு பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம் இல்லை. அவர் மறுபடியும் அப்படிப் பேசினாலோ, அட்டையைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டாலோ, திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் தேதியையும் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே எழுதி மனுவாகக் கொடுங்கள். இந்தத் திட்டத்துக்கான மாவட்டக் குறைதீர் குழுவுக்கும் ஆட்சியர்தான் தலைவர். உங்கள் குடும்பத்துக்குக் கிடைப்பது யாரோ தயவு செய்து போட்டது அல்ல; நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சோப்பிலும் தீப்பெட்டியிலும் கட்டிய வரிப்பணம் அதில் இருக்கிறது.

பாகூர் நாத்தனார் சொன்னது அவரளவில் சரியாகவே இருக்கலாம், ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது. பாகூர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே சட்டமன்றம் வேறு, ரேஷன் கார்டு வேறு, மருத்துவ உதவிக்கான ஏற்பாடுகளும் வேறு. நம் ஊரிலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணம்தான் என்பதாலும், இரண்டு சட்டமன்றங்களுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் வருவதாலும், அங்கே பேசும் செய்தி இங்கே ஒட்டிக்கொள்கிறது. வாட்ஸ்அப் செய்தியைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் செய்யுங்கள். அதில் அரசாணை எண்ணும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிட்டு, 1800 425 3993 என்ற திட்டத்தின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசி, உங்கள் அட்டை எண்ணைச் சொல்லி, அது நடப்பில் உள்ளதா என்று கேளுங்கள்.

என் அனுபவத்தில், தேர்தலால் சிகிச்சை தடைபட்டவர்களைவிடக் காகிதத்தால் தடைபட்டவர்களே அதிகம். ரேஷன் கார்டில் செல்வராசு என்றும் ஆதாரில் செல்வராஜ் என்றும் இருக்கும். அவசரச் சிகிச்சைக்கு அனுமதி கேட்கும் நாளில் அந்த ஒரு எழுத்து வழிமறிக்கும். மகனுக்குத் திருமணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கும்போது, தவறுதலாகத் தந்தையின் பெயரும் பழைய கார்டிலிருந்து நீங்கியிருக்கும். முகவரி மாறியிருக்கும், பதிவு செய்த கைபேசி எண் யாருடையதோ ஆகியிருக்கும். உங்கள் கணவரின் பெயர், பிறந்த ஆண்டு, முகவரி ஆகிய மூன்றும் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் காப்பீட்டு அட்டையிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இந்த வாரமே மூன்றையும் பாயில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இ-சேவை மையத்தில் திருத்த விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். வருமானச் சான்று பழையதாக இருந்தால் அதையும் புதிதாக வாங்கி வையுங்கள். திட்டத்தில் ஏதேனும் மறுபதிவு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். அட்டை தொடர்பான திருத்தங்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் காப்பீட்டுத் திட்டத்துக்கான மையம் இருக்கிறது. இத்தனையையும் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. வீட்டில் படித்த பிள்ளையோ அக்கம்பக்கத்தில் விவரமானவரோ இருந்தால் இந்த ஒரு வேலையை அவரிடம் ஒப்படையுங்கள்.

சங்கிலியைப் பற்றி. முன்னெச்சரிக்கையாகப் பணம் வைத்துக்கொள்ள நினைத்ததில் தவறில்லை. ஆனால் நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்காக, நிச்சயமாகப் போகும் வட்டியை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றாலே மாதம் 1,200 ரூபாய். உங்கள் இருவருடைய ஒரு மாதப் பேருந்துச் செலவும் அதில் அடங்கும். வாங்கிய 60,000-இல் பத்தாயிரத்தைக் கையில் நிறுத்திக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கட்டி அசலைக் குறையுங்கள். நகை வீட்டிலோ கூட்டுறவு வங்கியிலோ இருந்தால், தேவைப்படும் நாளில் ஒரு மணி நேரத்தில் அதைப் பணமாக்கலாம். திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால், இந்தக் கையிருப்பிலிருந்து பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ரசீது கேளுங்கள், அதே கட்டணமில்லா எண்ணில் புகாரும் கொடுங்கள்.

இனி உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர் நீங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால், தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். பத்தாம் எண் ஏற்றினால் பெரும் அபாயம். தேர்தல் முடிவு உங்கள் வீட்டுக்கு ஒன்றாம் எண் கூண்டு. 2011-இல் அடிபட்ட உங்கள் மனம் அதைப் பார்த்தவுடன் பத்தாம் எண்ணை ஏற்றிவிட்டது. ஏற்றியதை இறக்கவும் அதற்குத் தெரியவில்லை. ஒன்றாம் எண் கூண்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் மனம் மெல்ல இறங்கி வரும்; நான் மேலே சொன்ன விசாரிப்புகளும் திருத்தங்களும் அதற்குத்தான்.

அட்டையைப் பீரோவிலிருந்து எடுத்துவிடுங்கள். டயாலிசிஸுக்குப் போகும்போது ஃபைல், போர்வை, தண்ணீர்ப் பாட்டில், பன் எல்லாம் எடுத்துப்போகும் பை ஒன்று உங்களிடம் இருக்குமே, அதன் உள் ஜிப்பில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கைபேசியில் இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். அதன் பிறகு, மாலையில் விளக்கு வைத்ததும் ஒரு முறை மட்டும் பையைத் திறந்து பாருங்கள்; இரவில் விழிப்பு வந்து பார்க்கத் தோன்றினால், சாயங்காலம் பார்த்தாயிற்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு படுத்திருங்கள். முதல் நான்கைந்து நாள் மனம் அடம்பிடிக்கும். ஒவ்வொரு முறை எழுந்து பார்க்கும்போதும் அந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறோம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். மனத்தில் ஓடும் "அப்படி ஆனால், இப்படி ஆனால்" என்ற எண்ணங்களுக்கு மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளைக்கு யாரைக் கேட்பது என்று மட்டும் எழுதுங்கள். இரவு ஏழு மணிக்கு மேல் தொலைக்காட்சி விவாதங்களும் குடும்ப வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றாலோ, நெஞ்சு படபடப்பு, பசியின்மை, காரணமில்லாத அழுகை இருந்தாலோ தலைமை மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். அங்கே கட்டணம் கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தன் உடம்பை மறந்துவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கணவர் இயந்திரத்தில் இருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் உங்களுக்கும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவர் சொன்ன வார்த்தைகளை நான் மறுபடியும் மறுபடியும் படித்தேன். "எதுக்கு" என்ற சொல் திட்டத்தைப் பற்றியது மட்டும்தானா என்று எனக்கு ஐயம் இருக்கிறது. துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக மீன் சுமந்த மனிதர், வாரத்தில் இரண்டு நாள் இயந்திரத்தோடு கட்டுண்டு, மீதி நாட்களில் தண்ணீரைக்கூட அளந்து குடித்துக்கொண்டு, மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வருகிறது. அது மருந்தாலும் பேச்சாலும் குணமாகக்கூடியது. அவரைத் தனியாக உட்காரவைத்து, "உங்களுக்கு வாழ்க்கை வெறுத்துப்போய்விட்டதா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அது வருவதில்லை, உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கிறது. அவர் ஆமாம் என்று சொன்னாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு முறை டயாலிசிஸைக்கூட விடவைக்காதீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நீர் தேங்கினால் நுரையீரலில் இறங்கும். இரண்டுமே சில நாட்களில் நடந்துவிடக்கூடியவை.

ஃபிஸ்டுலா செய்துகொண்ட ஒருவரின் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் அவருடைய பயம் பாதி குறையும். டயாலிசிஸ் பிரிவில் பழைய நோயாளிகள் யாரிடமாவது கேளுங்கள், மகிழ்ச்சியாகக் காட்டுவார்கள். தோலுக்கு அடியில் இரத்தம் ஓடும் அதிர்வு, பூனை உறுமுவதைப் போல விரலில் தெரியும். செய்த பிறகு அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ யாரையும் அனுமதிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து மென்மையான பந்து ஒன்றைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். மீன் பெட்டி தூக்கிப் பழகிய கை என்பதால் சிரைகள் நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளில், குழாயை இணைத்து இயந்திரத்தை ஓடவிட்டதும், காப்பீட்டுப் பிரிவில் இருப்பவரிடம் ஃபிஸ்டுலாவுக்கு முன் அனுமதி கேட்டு எழுதச் சொல்லுங்கள். "அப்ரூவல் எப்போது வரும்?" என்று அன்றைக்கே கேட்டுத் தேதியைக் குறித்து வாங்குங்கள். தேதி கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்; நான் காத்திருக்கிறேன்.